வாலுக்கு வந்த விலை

மேல்மாடிப் பையன் பத்தாம் வகுப்பு. லிஃப்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் செல்பேசியில் மூழ்கிவிடுவான். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசல் மணியை அடித்து, "அங்கிள், போவா வளர்க்கலாமா? பெரிசு இல்ல, சின்னது. ரெண்டு முழம்கூட வராது. கடிக்காதாம்" என்றான்.

"என்ன வளர்க்கணுமாம்?" என்று உள்ளிருந்து மனைவி கேட்டாள். "பாம்பு" என்றேன். காப்பி டம்ளர் மேடையில் இறங்கிய சத்தத்திலேயே அவளுடைய பதில் இருந்தது.

அவன் செல்பேசியில் காட்டியது கென்யா மண்ணுளிப் பாம்பு. ஆரஞ்சு உடம்பில் கறுப்புத் திட்டுகள். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. பூரிக்கு உருட்டி நீட்டிய மாவுபோல ஒரே தடிமன். எகிப்திலிருந்து தான்சானியா வரை ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வாழ்வது. ஆண் ஒன்றரை அடியைத் தாண்டினால் அதிகம். பெண் இரண்டு, இரண்டரை அடி போகும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தலைமுறை தலைமுறையாகப் பெட்டிக்குள்ளேயே குட்டி போடவைத்து, நிறம் நிறமாகப் பிரித்து விற்கிறார்கள். போவா என்றதும் நம் மனம் அனகோண்டா படத்துக்குத்தான் போகும். அனகோண்டாவும் இந்தக் குடும்பம்தான். ஆனால் எல்லாக் குடும்பத்திலும் உள்ளதுபோல இதிலும் பெரிய தனக்காரர்களுக்குப் பின்னால் சத்தமில்லாத ஏழைச் சொந்தங்கள் உண்டு.

"நம்ம ஊர்லயே இதோட பங்காளி இருக்கே, தெரியுமா?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்பாவுக்குத் தெரியும், பெயரும் தெரியும்: இருதலைப் பாம்பு.

இந்தியாவில் மண்ணுளி மூன்று வகை. வழுவழுப்பான தோலும் செம்பழுப்பு நிறமும் கொண்ட செம்மண்ணுளி முதலாவது. எரிக்ஸ் ஜானி என்பது அறிவியல் பெயர். சொரசொரத்த செதில்களும் பழுப்புத் திட்டுகளும் கொண்ட குட்டையானது இரண்டாவது, எரிக்ஸ் கோனிகஸ். மூன்றாவதை 1991இல்தான் இந்திரனில் தாஸ் தனி இனமாக விவரித்தார். மேற்குக் கரையோரத்தில் வாழும் அதற்குச் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் பெயர். முதல் இரண்டும் தமிழ்நாட்டின் புஞ்சைக் காடுகளிலும் கர்நாடகத்தின் வறண்ட மேட்டு நிலங்களிலும், பெங்களூரின் ஓரங்களிலும் உண்டு. தமிழில் மண்ணுளி, மண்ணுக்குள் இருப்பது என்று பிரித்தாலும், மண்ணைக் குடையும் உளி என்று பிரித்தாலும் பாம்புக்குப் பொருந்திவிடுகிறது. கன்னடத்தில் எரடு தலெ ஹாவு, மலையாளத்தில் இருதலமூரி, இந்தியில் தோமுஹா. எல்லா மொழியும் பார்த்தது அந்த வாலைத்தான்.

பெங்களூருக்குள், தொம்மலூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். மேம்பாலம், அதன் கீழே நகராத வண்டிகள், பக்கத்தில் ஐ.டி. பூங்கா. மண் என்று ஒன்று கண்ணில் பட வேண்டுமானால் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்ட வேண்டும். ஆனால் இங்கே இருக்கிற சொக்கநாதசுவாமி கோயில் சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இந்த ஊர் தொம்பலூர், தேசிமாணிக்கப்பட்டணம். அந்த எழுத்தை வெட்டிய காலத்தில் கோயிலைச் சுற்றி இருந்தது வயலும் புஞ்சையும்தான். புஞ்சை இருந்தால் எலி இருக்கும். எலி வளை இருந்தால் அதற்குள் மண்ணுளியும் இருந்திருக்கும் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும். குழாய்க்குத் தோண்டும்போது மேலே வருவது இன்றும் அதே செம்மண்.

வாலுக்கு வருவோம். இந்தப் பாம்பின் எல்லாக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

சாதாரணப் பாம்புக்கு வால் கூர்ந்துகொண்டே போய் முடியும். செம்மண்ணுளிக்கு அப்படியில்லை. கத்தியால் வெட்டி, முனையை உரசி மழுக்கியதுபோல உருண்டையாக முடிகிறது. தலையும் அதே தடிமன், அதே நிறம், கண் கடுகளவு. தொந்தரவு செய்தால் உடம்பைச் சுருட்டித் தலையை அடியில் செருகிக்கொள்ளும். வாலை மெல்லத் தூக்கி, தலை அசைவதுபோல அசைக்கும். கீரியோ பருந்தோ வந்தால் முதலில் குறிவைப்பது தலையை. கொத்து வாலில் விழுகிறது, தலை தப்பிக்கிறது. பல்லியின் வால்போல இது அறுந்து துள்ளும் ஏற்பாடு அல்ல, அடியைத் தாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. மண்ணுளிகளின் வால் முள்ளெலும்புகளை எடுத்துப் பார்த்தால், மற்றப் பாம்புகளுக்கு இல்லாத கூடுதல் எலும்பு முனைகளோடு தடித்துப் பின்னிக் கிடக்கும். புதைபடிவத்தில் ஒரு வால் எலும்பு கிடைத்தால்கூட, இது மண்ணுளிச் சாதி என்று ஆய்வாளர்கள் அடையாளம் சொல்லும் அளவுக்கு அது தனி.

இதே தந்திரத்தை உலகின் மறுகோடியில் இன்னொரு குட்டிப் போவாவும் செய்கிறது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், குளிர்ந்த காடுகளில் வாழும் ரப்பர் போவா. அதுவும் மழுங்கிய வால்காரன். எலிக்கூட்டுக்குள் புகுந்து கண் திறக்காத குஞ்சுகளை ஒவ்வொன்றாக விழுங்கும்போது, ஆத்திரத்தோடு பாயும் தாய் எலிக்கு வாலைத் தூக்கிக் காட்டும். அது வாலைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் சாப்பாடு நடந்துகொண்டே இருக்கும். வயதான ரப்பர் போவாக்களின் வாலில் தழும்பு இல்லாமல் பார்ப்பது கடினம். பிள்ளையைத் தின்றுகொண்டே தாயிடம் வாலைக் கொடுப்பது அறம் பேசுகிறவர்களுக்குப் பிடிக்காது. பசிக்கு அந்தக் கவலை கிடையாது.

வால் நடிகன் என்றால் தலை வேலைக்காரன். மூக்கு முனை ஆப்புபோல இருக்கும்; அதை வைத்துத்தான் மண்ணைப் பிளக்கிறது. கீழ்த்தாடை மேல்தாடைக்குள் அடங்கி மூடுவதால் வாய்க்குள் மண் போகாது. நாசித் துவாரம் வெறும் கீறல். மண்ணுக்கு மேலே மூக்கும் கண்ணும் மட்டும் தெரியக் கிடந்து, எலியோ ஓணானோ அருகில் வந்தால் பக்கவாட்டில் அடிக்கும். அவ்வளவு சோம்பேறியாகக் கிடந்ததா இது என்று வியக்கும் வேகம் அது. எலி வளைக்குள் சுருள இடம் இல்லாதபோது, எலியை வளையின் சுவரோடு சேர்த்து உடம்பால் நசுக்கிவிடும்.

இறுக்கிக் கொல்லும் பாம்புகள் இரையின் மூச்சை அடைத்துக் கொல்கின்றன என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றிவிட்டது. போவா சுற்றிய எலிகளின் ரத்த ஓட்டத்தைக் கருவி பொருத்தி அளந்தபோது, பிடித்த 6 விநாடிகளுக்குள் ரத்த அழுத்தம் பாதியாக விழுந்திருந்தது. மூச்சு முட்டும் முன்பே ரத்த ஓட்டம் நின்று, மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது போகாமல் எலி அடங்கிவிடுகிறது. மூச்சடைப்பதைவிட இது வேகமானது, பாம்புக்கு அடிபடும் ஆபத்தும் குறைவு.

பையனுக்கு இந்த இடம் மிகவும் பிடித்தது. அவன் அம்மாவுக்குச் சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும்.

போவா குட்டி போடும், மலைப்பாம்பு முட்டையிடும். இரண்டையும் பிரிக்க இதுதான் எளிய விதி. நம் செம்மண்ணுளியும் குட்டிதான் போடுகிறது. குட்டிகள் ஆரஞ்சு நிறத்தில், வாலில் கறுப்புப் பட்டைகளோடு பிறந்து, வளர வளரப் பட்டை மங்கிப் போகும். விதிக்கு ஒரு விலக்கும் உண்டு. அரேபிய மணலில் வாழும் மண்ணுளி முட்டையிடுகிறது. கண் இரண்டும் தலையின் உச்சியில் இருக்கும் அந்த விசித்திரப் பாம்பின் அறிவியல் பெயர் எரிக்ஸ் ஜெயகாரி. மஸ்கட்டில் பணியாற்றிய ஆத்மாராம் சதாசிவ ஜெயகர் என்ற இந்திய மருத்துவரின் பெயர் அது. பாம்புக்கு இந்தியர் பெயர் வைத்த 1888இல், இந்தியப் பாம்புகள் பல வெள்ளைக்காரர்களின் பெயரைச் சுமந்துகொண்டிருந்தன.

நம் எரிக்ஸ் ஜானியும் அப்படித்தான். அந்த 'ஜான்', தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மன் பாதிரியார். டேனிஷ் கோட்டை இருந்த அந்தக் கடற்கரை ஊரில் மதப் பணியோடு மீன், பாம்பு, சங்கு என்று சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர். தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மண்ணுளிக்கு 1801இல் அவர் பெயரை இட்டவர் பேட்ரிக் ரஸ்ஸல். கண்ணாடி விரியனுக்கு இன்று உலகம் முழுக்க இருப்பது இந்த ரஸ்ஸலின் பெயர்தான்.

மண்ணுளிக்கும் கண்ணாடி விரியனுக்கும் இடையே ஒரு பொல்லாத உறவு உண்டு. சொரசொரத்த மண்ணுளியின் முதுகில் ஒழுங்கற்ற பழுப்புத் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வளைந்து வளைந்து போகும். கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலிக் கண்ணிபோலத் தனித்தனி வட்டங்கள் மூன்று வரிசை. பகலில், பொறுமையாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இரவில் வரப்போரத்தில் டார்ச் வெளிச்சத்தில் தெரியாது. விரியன் என்று நினைத்து மண்ணுளியை அடித்துக் கொல்வது ஒரு வகைத் தவறு. பாம்புக்கு மட்டும் நஷ்டம். மண்ணுளி என்றோ மலைப்பாம்புக் குட்டி என்றோ நினைத்து விரியனைக் கையில் எடுப்பது இன்னொரு வகை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக் கடியில் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் கண்ணாடி விரியனின் பங்கு மிகப் பெரியது. வாலைப் பாருங்கள் என்பதுதான் எளிய அடையாளம், விரியனுக்குக் கூர்ந்து மெலியும். ஆனால் வாலைப் பார்க்கும் தூரத்தில் போய் நிற்காதீர்கள் என்பது அதைவிட நல்ல யோசனை.

மண்ணுளிக்கு விஷம் கிடையாது. நக்கினால் வெண்குஷ்டம் வரும் என்று என் பாட்டி காலத்தில் சொன்னார்கள். பாம்பு நாக்கை நீட்டுவது காற்றில் உள்ள வாசனைத் துகளை எடுத்துப் போக. நம் தோலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆறு மாதம் ஒரு பக்கம் தலை, அடுத்த ஆறு மாதம் மறுபக்கம் தலை என்ற கதையும் உண்டு. அந்தக் காலப் பாம்பாட்டிகள் இதை நிரூபிக்க வாலில் கத்தியால் கீறிக் கண்ணும் வாயும் வரைந்து கூட்டத்துக்குக் காட்டுவார்கள். காசு விழும். அந்தப் பித்தலாட்டம் நாலணா எட்டணாவோடு நின்றது.

இன்றைய பித்தலாட்டம் கோடிகளில் பேசுகிறது.

இருதலைப் பாம்பு வீட்டில் இருந்தால் செல்வம் கொழிக்கும், எய்ட்ஸுக்கு மருந்து, புற்றுநோய்க்கு மருந்து, வெளிநாட்டில் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். தரகர் வாயில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம். விலை எடையைப் பொறுத்து. இத்தனை கிலோவுக்கு மேல் என்றால் இத்தனை லட்சம், அதற்கும் மேல் போனால் கோடி. எடை கூட்டப் பாம்பின் வாயில் இரும்புக் குண்டுகளைத் திணித்த கொடுமையெல்லாம் செய்தியில் வந்திருக்கிறது. இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் செம்பு என்ற மோசடிகளின் பக்கத்தில் வைக்க வேண்டிய சரக்கு இது. இரிடியத்துக்கு வலிக்காது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஒவ்வொரு கையும் அடுத்த கைக்கு விற்றுவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் வாங்குகிறது. கடைசியில் வாங்கி என்னதான் செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை, ஏனென்றால் அந்தக் கடைசி ஆளே இல்லை என்பது என் எண்ணம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தின் இந்தியப் பிரிவு ஊடகச் செய்திகளிலிருந்து திரட்டிய கணக்கில், 2016 முதல் 2021 வரை மண்ணுளிகள் பிடிபட்ட சம்பவங்கள் 172. 18 மாநிலங்களும் ஒரு யூனியன் பிரதேசமும் அதில் அடக்கம். மகாராஷ்டிரத்தில் மட்டும் 59. 2021இல் யூடியூபில் மண்ணுளியை விற்பனைக்குக் காட்டிய வீடியோக்கள் சுமார் 200. இவை மாட்டிக்கொண்டவை மட்டும். சமயத்தில் போலீஸே வாங்குகிறவர்போல வேடமிட்டுத் தரகரைப் பிடிக்கிறது; அந்த நாடகத்திலும் நடுவில் ஒரு சாக்குப் பையில் பாம்பு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும்.

கீரியை ஏமாற்ற எத்தனையோ லட்சம் ஆண்டுகளில் உருவான வால் இது. கீரி ஏமாந்தால் வாலை ஒரு கடி கடித்துவிட்டுப் போகும். மனிதன் ஏமாந்தால் வாலோடு சேர்த்து முழுப் பாம்பையும் எடுத்துக்கொண்டு போகிறான். இந்த எதிரிக்கு எதிராக அதனிடம் வேறு தந்திரம் இல்லை. செம்மண்ணுளியைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்போது அச்சுறுத்தலை நெருங்கும் இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

"அது திருட்டு அங்கிள். நான் கேக்கறது பெட்" என்றான் பையன். நியாயம்தான்.

நம் மண்ணுளி விஷயம் சுலபம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் விற்பதும் சிறைக்குப் போகக்கூடிய குற்றம். பாசமாக வளர்த்தேன் என்பதெல்லாம் செல்லாது. அவன் கேட்ட கென்யாக்காரன் கதை வேறு. போவா குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. நம் நாட்டில் வெகுகாலம் வெளிநாட்டு விலங்கு வளர்ப்பை யாரும் கேட்டதில்லை. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக வந்து சொன்னால் காகிதம் கேட்க மாட்டோம் என்றது. 2022இல் சட்டமே திருத்தப்பட்டு, 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. இப்போது சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாறுதல் எல்லாம் கணக்கில் ஏற வேண்டும். ஆக, எங்கிருந்து வந்தது என்று காட்டக் காகிதம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அந்தக் காகிதம் இல்லாமல் வருவதே அதிகம். தொம்மலூரை ஒட்டிய ரோட்டுக்கு இன்னமும் ஓல்ட் ஏர்போர்ட் ரோடு என்றுதான் பெயர். 2008இல் பயணி விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்டன. அங்கேதான் 2023 ஆகஸ்டில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளைச் சுங்கத்துறை திறந்தது. உள்ளே 234 உயிர்கள்: மலைப்பாம்புகள், பச்சோந்திகள், இகுவானாக்கள், ஆமைகள், முதலை இனக் குட்டிகள். ஒரு கங்காருக் குட்டி செத்துக் கிடந்தது. 2024 ஏப்ரலில் அதே விமான நிலையத்தில் இன்னொரு பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள். இவற்றுக்கெல்லாம் பெங்களூரில் ஏதோ ஒரு வீட்டில் இடம் தயாராக இருந்திருக்கும்.

"சரி, காகிதத்தோட கிடைச்சா?" அவன் விடுவதாக இல்லை.

கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னேன். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சாப்பிட்டது செரிக்க முப்பது டிகிரிக்கு மேல் ஒரு மூலை வேண்டும். சூடு போதாவிட்டால் விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். அதே பெட்டியில் ஒதுங்கிக்கொள்ளக் குளிர்ந்த மூலையும் வேண்டும். பெங்களூரின் டிசம்பர் ராத்திரிக்கு அடியில் ஹீட்டிங் பேட் இல்லாமல் முடியாது, பேடுக்குத் தெர்மோஸ்டாட் இல்லாமல் முடியவே முடியாது. இயற்கையில் சூடு மேலிருந்து வருகிறது. சுட்டால் பாம்பு கீழே தோண்டிப் போய்த் தப்பிக்கும். பெட்டியில் சூடு கீழே இருக்கிறது. சுடச்சுட இன்னும் கீழே தோண்டி, வயிற்றை வேகவைத்துக்கொள்ளும் மண்ணுளிகள் உண்டு. சாப்பாடு வாரத்துக்கோ பத்து நாளைக்கோ ஒரு எலி. உறையவைத்து வாங்கி, இளக்கிக் கொடுப்பது வழக்கம்.

"உறைய வெச்சுன்னா?"

"உங்க வீட்டு ஃப்ரீசர்ல. ஐஸ்கிரீம் பக்கத்துல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. இருபது ஆண்டு தாராளமாக வாழும் என்றேன். அவன் கல்லூரி, வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் கூடவே வரும். அதற்கும் அசரவில்லை. கடைசியாகத்தான் கேட்டான், "ஆனா பார்க்க ஜாலியா இருக்கும்ல?"

இதை வளர்க்கிறவர்கள் பொதுவாகச் சொல்வதைச் சொன்னேன். பெட்டியில் மூன்று அங்குலத்துக்கு மரச்சீவலோ மணலோ போட்டால் பாம்பு அதற்குள் போய்விடும். பசித்தால் இரவில் மூக்கு நுனி தெரியும். மற்ற நேரம் முழுக்க உள்ளேதான். வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தால் சாப்பாட்டை நிறுத்திவிடும்.

"அப்ப என்னத்தப் பார்க்கறது?"

"மண்ணை."

உள்ளே இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "வெறும் மண்ணைப் பார்க்கத்தானேப்பா? மொட்டை மாடியில எங்க தொட்டி ரெண்டு சும்மாத்தான் கெடக்கு. எடுத்துட்டுப் போ."